பரணில் கிடக்கும் லேப்டாப்: மந்தம் எங்கிருந்து வந்தது?

ஏரி, கல்வெட்டு, பழைய பள்ளிக்கூடம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு ஏன் கம்ப்யூட்டர் பக்கம் போகிறேன் என்று கேட்பீர்கள். இதுவும் நம் மாவட்ட வரலாறுதான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பத்து வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டிலாவது அரசு கொடுத்த லேப்டாப் துணிப்பையில் சுற்றிக் கிடக்கும். ஏன் எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "ரொம்ப ஸ்லோ சார்."

லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்களும் அதையே சொல்கிறார்கள். "லினக்ஸ் போட்டால் பறக்கும்னாங்க, அதுவும் நகர மாட்டேங்குது." இந்த மந்தம் எப்படி வந்தது, எப்போது வந்தது, எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு மனிதரைப் போல முதுமை வருவதில்லை. 2012-ல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, அதையே இன்றும் அந்தச் சில்லு போடும். தூசு, சூடு, தேய்ந்த வட்டு ஆகிய மூன்றால் வரும் குறை வேறு. மற்றபடி மாறியது இயந்திரம் அல்ல, அதன் தலையில் நாம் ஏற்றிய சுமை.

சுமை ஏறிய கதையைத் தொடங்க 2011-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் பக்கம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும், கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கின. அரசு ஏட்டில் 'விலையில்லா', ஊர் வாயில் 'இலவச லேப்டாப்'. கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்திடம் இருந்தது. நான் தொடக்கப் பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து அதைக் கையில் வாங்கியபோது, அந்தத் தெருவிலேயே அதுதான் முதல் கம்ப்யூட்டராக இருந்தது. பல வீடுகளில் இன்றைக்கும் அதுதான் கடைசிக் கம்ப்யூட்டர்.

அந்தத் தொடக்கக் காலப் பெட்டிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ். 'பாஸ்' என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. அந்த வேலை பெரும்பாலும் நடந்தது நம் சென்னையில்தான். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. அதே காலத்தில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. ஆக, தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. பிள்ளைகள் கையில்தான் அது புழங்கவில்லை.

ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. நம் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச்சில் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரித்தார்கள். நிலம் அதேதான், எல்லைக்கோடுதான் மாறியது. வட்டைப் பாகம் பிரிப்பதும் அப்படியே. ஒரு பாகத்தில் விண்டோஸ், மறுபாகத்தில் லினக்ஸ். ஆனால் லினக்ஸ் பாகத்துக்குக் கலெக்டரும் இல்லை, தாசில்தாரும் இல்லை. அதைத் திறந்து காட்டச் சொல்லித்தர ஆளில்லை. பல பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாகம் இருந்ததே தெரியாது. 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த, யாரும் தொடாத அந்த லினக்ஸும் ஒரு வழி.

இனி லினக்ஸின் கதை. 1991 ஆகஸ்ட் 25-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பொழுதுபோக்கு வேலையை உலகத்துக்கு அறிவித்தபோது, அவரிடம் இருந்தது ஒரு 386 வகைக் கம்ப்யூட்டர். நினைவகம் 4 எம்பி. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெட்டிகளில் நான் பார்த்தவற்றில் 2 ஜிபி இருந்தது. கணக்குப் போட்டால் 512 மடங்கு. அப்படியிருந்தும் போதவில்லை என்கிறோம். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்போடு லினக்ஸ் கருநிரல், தான் பிறந்த அந்த 386 வகைக்கே ஆதரவை நிறுத்திவிட்டது. பிறந்த வீட்டையே மறந்த பிள்ளை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கருநிரல் உள்ளே இருந்து வேலை செய்வது. நம் கண்ணுக்குத் தெரிவது அதன்மேல் போர்த்திய திரைச்சூழல். பட்டன், ஜன்னல், மெனு எல்லாம் அதுதான். 1996, 1997 வாக்கில் கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, க்னோம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கின. அப்போதெல்லாம் லேசானவை. 2011 ஏப்ரலில் ஒரு திருப்பம். அந்த மாதம்தான் க்னோம் 3 வந்தது. அதே மாதம் உபுண்டு 11.04-ல் யூனிட்டி என்ற புதிய முகப்பு வந்தது. இரண்டும் முப்பரிமாண வரைகலைச் சில்லை நம்பிக் கட்டியவை. ஜன்னல் மிதந்து வரும், நிழல் விழும், பார்க்க அழகு. அந்தச் சில்லுக்குச் சரியான இயக்கி இல்லாத பெட்டியில், அந்த ஓவியத்தை எல்லாம் நடுச்சில்லே கையால் வரைய வேண்டும். வரைகிற வேலையிலேயே அது களைத்துவிடும்.

தேதியைக் கவனியுங்கள். ஏப்ரலில் உலகத்து லினக்ஸ் முகப்பு கனமானது. செப்டம்பரில் நம் பிள்ளைகளுக்கு எளிய பெட்டி வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பிற்பாடு ஒருவர் அந்தப் பெட்டியில் புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம் இரண்டும் மோதிக்கொள்கின்றன. கனமான முகப்பு பிடிக்காதவர்கள் அன்றே மாற்று வழி தேடினார்கள். பழைய க்னோம் 2-ஐ அர்ஜென்டினாக்காரர் ஒருவர் எடுத்து 'மாத்தே' என்ற பெயரில் தொடர்ந்தார். தைவானில் 2006-லேயே எல்எக்ஸ்டிஇ தொடங்கியிருந்தது. எக்ஸ்எஃப்சிஇ தன் போக்கிலேயே லேசாக இருந்தது. இந்தப் பெயர்களை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மந்தத்துக்கு எதிராகப் போராடியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு டாக்டர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கோலிவாஸ். தொழில், மயக்க மருந்து நிபுணர். வேலை முடிந்த நேரத்தில் லினக்ஸ் கருநிரலில் எந்த வேலைக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் பகுதியைத் திருத்தி எழுதினார். அவருடைய குறை இதுதான்: பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்காகவே எல்லாம் செய்கிறார்கள், வீட்டில் உட்கார்ந்து மவுஸை நகர்த்துகிறவனை யாரும் நினைப்பதில்லை. 2007-ல் அவருடைய திட்டத்தை ஏற்காமல், இங்கோ மோல்னார் எழுதிய வேறொரு நிரலைக் கருநிரலில் சேர்த்தார்கள். முறையைப் பங்கிடுவதில் நியாயம் வேண்டும் என்று கோலிவாஸ் வலியுறுத்திய கருத்து அதிலும் இருந்தது. அவர் மனம் நொந்து விலகினார், 2009-ல் வேறொரு நிரலோடு திரும்பி வந்தார். 2010 இறுதியில் மைக் கால்பிரெய்த் என்பவர் எழுதிய ஏறத்தாழ 200 வரி நிரல் ஒன்று, பின்னணியில் பெரிய வேலை ஓடும்போதும் திரை தடுமாறாமல் இருக்க உதவியது. அது 2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில் சேர்ந்தது.

ஆனால் முறை பங்கிடுவது மட்டும் பிரச்சினை அல்ல. 2019 ஆகஸ்டில் ஆர்ட்டெம் தாஷ்கினோவ் என்பவர் கருநிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 4 ஜிபி நினைவகம் உள்ள பெட்டியில் பிரவுசரைத் திறந்து பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டே போங்கள், நினைவகம் நிறைகிற கட்டத்தில் மொத்தக் கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கும், வட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் என்று காட்டினார். காரணம் இதுதான். நினைவகம் தீரும்போது, ஓடிக்கொண்டிருக்கிற நிரலின் பக்கங்களையே கருநிரல் வெளியே தள்ளும். அடுத்த நொடியே அது வேண்டும் என்று வட்டிலிருந்து திரும்ப இழுக்கும். இழுப்பதும் தள்ளுவதுமாகவே நேரம் போகும். அதன் பிறகு நிலைமை மாறியது. 2020-ல் ஃபெடோரா லினக்ஸ், நினைவகம் தீர்வதற்கு முன்பே பெரிய தின்னியை நிறுத்தும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அதே ஆண்டில் 'இசட்ரேம்' என்ற அமுக்கு முறையையும் இயல்பாகவே கொண்டுவந்தது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மக்காச்சோளம் அறுத்துக் களம் நிறைந்துவிட்டது. இடமில்லை. மூட்டைகளை வண்டி கட்டி இரண்டு மைல் தள்ளி உள்ள கொட்டகையில் போடுகிறோம். வேண்டும்போது திரும்ப வண்டி கட்ட வேண்டும். களம்தான் நினைவகம், கொட்டகைதான் வட்டில் ஒதுக்கிய 'ஸ்வாப்'. வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் களத்தில் வேலை நடக்காது. இசட்ரேம் என்பது பருத்தியை அமுக்கிப் பொதி கட்டுவது போல. மூட்டை வெளியே போகாமல் களத்து மூலையிலேயே சிறிய இடத்தில் அடங்கும்.

வண்டி எவ்வளவு மெதுவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பழைய லேப்டாப்பின் சுழலும் வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. நொடிக்கு 90. அங்குமிங்கும் சிதறிய துண்டுகளைப் படிக்க வேண்டுமென்றால் நொடிக்கு நூறு துண்டு எடுப்பதே பாடு. சுழலாத எஸ்எஸ்டி வட்டு அதே நொடியில் ஆயிரக்கணக்கில் எடுக்கும்.

இனி நோய் பார்க்கும் முறை. அரியலூர் பக்கத்தில் குடியிருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி போன வருடம் தன் லேப்டாப்பை எடுத்து வந்தாள். பிளஸ் டூ முடித்தபோது வாங்கியது. இப்போது இரண்டு பிள்ளைகள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பழைய வினாத்தாள்களைப் பார்க்கவும் தட்டச்சுப் பழகவும் வேண்டும். "சார், பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபா தர்றேங்கிறாரு. குடுத்துடவா?" என்றாள். புதிது வாங்க அந்த வீட்டில் இப்போது வழியில்லை. கடையில் கொடுத்துப் புதிய உபுண்டுவை ஏற்றி வைத்திருந்தாள். திரை வரவே நான்கு நிமிடம் ஆனது. உபுண்டு 2018-லேயே பரிந்துரைத்தது 4 ஜிபி, பெட்டியில் இருந்ததோ 2 ஜிபி.

எதையும் கழற்றுவதற்கு முன் நான் முனையத்தைத் திறந்து 'டாப்' என்ற மூன்றெழுத்துக் கட்டளையைக் கொடுத்தேன். எந்த வேலை எவ்வளவு தின்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். பார்க்க வேண்டியவை மூன்றுதான். முதலாவது, நினைவகத்தில் மிச்சம் எவ்வளவு, ஸ்வாப்பில் எவ்வளவு போயிருக்கிறது. இரண்டாவது, 'டபிள்யூ ஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண். நடுச்சில்லு வேலையில்லாமல் வட்டுக்காகக் காத்திருக்கும் பங்கு அது. மூன்றாவது, எந்த ஒரு நிரலாவது சில்லு முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது. அவள் பெட்டியில் நினைவகம் காலி, ஸ்வாப் நிறைந்திருந்தது, காத்திருக்கும் பங்கு எழுபதுக்கு மேல். சில்லு மெதுவாக இல்லை. கொட்டகைக்குப் போன வண்டிக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. காற்றாடி அலறியது, அடிப்பக்கம் சுட்டது. பின்மூடியைக் கழற்றினால் காற்றுப் போகும் தகட்டில் வெள்ளைத் தூசு கம்பளி போலப் படிந்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோர வீடு. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடு ஏறினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதைப் பார்த்து லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. மென்மையான தூரிகையும் காற்றும் போதும். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லையென்றால் அது கண்டபடி சுழன்று கெட்டுவிடும்.

அவள் பெட்டிக்குச் செய்தது இவ்வளவுதான். படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வேறிடத்தில் படி எடுத்தோம். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' சோதனையைப் பார்த்தோம். தூசு தட்டினோம். சுழலும் வட்டை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி போட்டோம். காலியாக இருந்த இடத்தில் பயன்படுத்திய 4 ஜிபி நினைவகத் துண்டு ஒன்றைச் செருகினோம். டிடிஆர்3 வகை, பழைய பொருள் கடைகளில் கிடைக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ முகப்புள்ள லினக்ஸ் ஏற்றி, இசட்ரேம் சேர்த்தோம். செலவு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது முப்பது, நாற்பது நொடியில் திரை வருகிறது.

காசு செலவழிக்க முடியாதவர்கள் முகப்பை மட்டும் மாற்றி, இசட்ரேம் சேர்த்து, தூசு தட்டினாலே ஓரளவு வித்தியாசம் தெரியும். கூடவே கோப்புகளைத் தேடிப் பட்டியல் போடும் பின்னணி வேலையை நிறுத்துங்கள். கேடிஇ-யில் நெப்போமுக் என்று ஒன்று இருந்தது. அது வட்டை அரைத்த அரைப்பில் நொந்து, 2014-ல் அதற்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். வரைகலைக்கு நடுச்சில்லே வரைகிறதா என்று அறிய, அமைப்பு விவரத்தில் வரைகலை என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இயக்கி வேலை செய்யவில்லை என்று பொருள்.

சரிசெய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றை அடைத்த ஒட்டுகள் பழைய சில்லுகளின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டன. அந்த ஒட்டை நீக்கினால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால், வங்கிக் கணக்கு பார்க்கும் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். அடுத்தது, 32 பிட் மட்டும் தெரிந்த சில்லு என்றால் வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2017 அக்டோபரிலேயே உபுண்டு அந்த வகைக்கு டெஸ்க்டாப் நிறுவியைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ம் நிறுத்திவிட்டது. பெட்டியில் 32 பிட் விண்டோஸ் இருந்தது என்பதால் சில்லும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள், சில்லின் பெயரைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வட்டிலிருந்து டக் டக் என்று ஓசை வந்தால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். பிரவுசரில் இருபது பக்கம் திறந்து வைக்கும் பழக்கத்துக்கு 2 ஜிபி எந்த லினக்ஸிலும் போதாது. 2008-ல் குரோம் வந்ததிலிருந்து ஒவ்வொரு பக்கமும் தனித்தனி நிரலாக ஓடும் முறை பரவியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும், அதற்கு விலை நினைவகம்.

2012-ல் நம் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த இருட்டில் இதே லேப்டாப் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி செத்துப் போனதும் அந்தக் காலத்தில்தான். அரசுப் பணத்தில், அதாவது நம் பணத்தில் வாங்கிய பெட்டி அது. பெட்டியைக் கொடுத்தோம், அதைப் பேணுவதற்கு யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். நல்ல செய்தி. கூடவே ஒரே ஒரு பிற்பகல் வகுப்பு வைத்து, மூடியைக் கழற்றித் தூசு தட்டுவதையும், நினைவகம் எங்கே போகிறது என்று பார்ப்பதையும் கற்றுக்கொடுத்தால், அந்தப் பெட்டிகள் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆசிரியர் பயிற்சி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே கற்றுக்கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் எடுத்துத் துடைத்துத் திறந்து பாருங்கள். 'டாப்' காட்டும் எண்களைக் கமெண்டில் போடுங்கள், எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். என்னைவிட விவரம் தெரிந்த பழைய மாணவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நீங்களும் கை கொடுங்கள். எஸ்எஸ்டி மாற்றியபின் மிஞ்சும் பழைய வட்டில் சொந்தப் படங்கள் இருக்கும். அதைத் தெருவில் போட்டுவிடாதீர்கள்.